நட்சத்திரம் உதிராத வாழ்த்து அட்டை... உலோகத்துக்கு நீங்களே நிறம் ஏற்றலாம்!

போன வருஷம் டிசம்பர் மூன்றாவது வாரம். சென்னை பெரம்பூரிலிருந்து தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை தபாலில் போனது. அனுப்பியவர் பிளஸ் ஒன் படிக்கும் பேத்தி. பெற்றுக்கொண்டவர் எழுபதைத் தாண்டிய தாத்தா. கடையில் வாங்கிய அட்டை இல்லை. சிவப்பு அட்டையை மடித்து, நடுவில் ஒரு உலோக நட்சத்திரம் ஒட்டி, அதற்குத் தங்க நிற பெயின்ட் அடித்து, உள்ளே நாலு வரி எழுதி, இரண்டு நாள் உட்கார்ந்து செய்தது.

நாலாவது நாள் தாத்தாவிடமிருந்து போன் வந்தது. "அட்டை கெடச்சுதும்மா. ரொம்ப அழகா இருக்கு. ஆனா நட்சத்திரம் தனியா கழண்டு கெடக்கு. கவருக்குள்ள பூரா தங்கப் பொடி. அதையும் ஒரு பேப்பர்ல மடிச்சு பத்திரமா வெச்சிருக்கேன்."

தாத்தா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பேத்திக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. நாசரேத் வீட்டின் முன்னறையில் ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு நூல் கட்டியிருக்கும். டிசம்பர் முழுக்க வரும் வாழ்த்து அட்டைகளைத் துணி காயப்போடுவது போல அதில் தொங்கவிடுவது அந்த வீட்டு வழக்கம். ஒரு காலத்தில் நூலில் இடம் போதாது. இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். தாத்தாவுக்கு ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, இன்னொரு கண் இன்னும் மங்கல். போனில் வரும் படங்கள் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. நூலில் தொங்குவது பேத்தியின் அட்டை ஒன்றுதான்.

அதனால் இந்த வருஷம் பேத்தி நவம்பரிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார். தங்க நிறம் வேண்டாம், தாத்தா வீட்டு வாசல் கதவின் மயில் நீலத்தில் நட்சத்திரம் இருக்க வேண்டும் என்பது ஆசை. ஃபேன்சி ஸ்டோரில் கேட்டால் தங்கம், வெள்ளி, கறுத்துப்போன ஆன்ட்டிக், இந்த மூன்றுதான் கிடைக்கிறது. எந்த ஊரிலும் இதே கதைதான். உங்கள் அட்டைக்கு ஏற்ற நிறத்தில் உலோக அலங்காரம் வேண்டுமென்றால் நீங்களே நிறம் ஏற்றுவதுதான் வழி. அது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் காகிதத்துக்கு நிறம் தீட்டுவது போல நினைத்துத் தொட்டால், போன வருஷ நட்சத்திரத்தின் கதிதான்.

தங்கப் பொடி ஏன் உதிர்ந்தது?

முதலில் அந்தப் பிரேதப் பரிசோதனையை முடித்துவிடலாம். பேத்தி பயன்படுத்தியது அக்ரிலிக் பெயின்ட். அது தண்ணீரில் கரையும் பெயின்ட். காகிதமும் துணியும் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். உலோகம் உறிஞ்சாது. வழவழப்பான பரப்பின் மேல் பெயின்ட் ஒரு தோல் மாதிரி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். காய்ந்ததும் பார்க்க நன்றாகவே இருக்கும். தபால் பையில் நூறு கடிதங்களுக்கு நடுவே அமுங்கி, வளைந்து, உரசி வரும்போது அந்தத் தோல் உரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், கடைகளில் விற்கும் டாலர், வளையம், குட்டி நட்சத்திரம் போன்றவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே முலாம் பூசியவை. கறுக்காமல் இருக்கச் சிலவற்றில் ஒரு வார்னிஷ் பூச்சும் இருக்கும். போதாக்குறைக்கு நம் விரல் எண்ணெய். இத்தனைக்கும் மேல் பெயின்ட் அடித்தால் அது உலோகத்தைத் தொடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

நட்சத்திரம் கழன்று விழுந்தது பசையின் கோளாறு. மரத்துக்கும் காகிதத்துக்கும் ஒட்டும் வெள்ளைப் பசை உலோகத்தைப் பலமாகப் பிடிக்காது. அட்டை ஒருமுறை நன்றாக வளைந்தால் 'டப்' என்று விட்டுவிடும். சரி, அப்படியானால் உடனே ஒட்டும் இன்ஸ்டன்ட் பசை? ஒட்டும், ஆனால் அதிலிருந்து கிளம்பும் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படியும். மயில் நீல நட்சத்திரத்தைச் சுற்றி விபூதி பூசியது போல இருக்கும்.

குளிப்பாட்டல் முக்கியம்

நிறம் ஏற்றும் வேலையில் பாதி, நிறத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பலர் தாண்டிப்போவதும் இந்த இடத்தைத்தான்.

உலோகத் துண்டைப் பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். பிறகு மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒருமுறை துடைக்க வேண்டும். கைக்குப் போடும் சானிடைசர் ஜெல் வேண்டாம். அதில் கை வறளாமல் இருக்க கிளிசரின் சேர்த்திருப்பார்கள். அது உலோகத்தில் பிசுக்காகத் தங்கிவிடும். ஸ்பிரிட்டில் துடைத்த பிறகு விரலால் பரப்பைத் தொடாமல், ஓரத்தைப் பிடித்தே வேலை செய்யுங்கள்.

பெயின்ட் கடையில் 400 நம்பர் உப்புத்தாள் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் விழும்படி லேசாக ஒரே திசையில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். நிறம் பிடித்து நிற்க அந்தக் கீறல்கள்தான் பிடிமானம். வட்டமாகத் தேய்த்தால் நிறத்துக்கு அடியிலிருந்து அந்தக் கிறுக்கல் தெரியும்.

செம்பு, பித்தளைத் துண்டாக இருந்தால் இதில் நம் வீட்டுப் பாட்டிகளை மிஞ்ச ஆள் கிடையாது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போதும். புளியில் உள்ள அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைத்து, குத்துவிளக்கு தேய்த்தது போலப் பளிச்சென்று ஆக்கிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும். புளி மிச்சம் இருந்தால் மறுநாளே பச்சை பூக்கும்.

கடைக்குப் போகாமலே உலோகம்

பேத்தி இந்த முறை நட்சத்திரத்தைக் கடையில் வாங்கவில்லை. பிரியாணி பார்சல் வந்த அலுமினிய டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டார். அதன் தகடு பழைய கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும். பழைய வார இதழ் ஒன்றை அடியில் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு பள்ளமாக விழும். திருப்பிப் பார்த்தால் அதே கோடு மேடாக எழும்பி நிற்கும். பின்பக்கம் புள்ளி புள்ளியாகக் குத்தினால் முன்பக்கம் கோலப்புள்ளி போல எழும்பும். விரலால் தடவினால் நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் நடுப்புள்ளியும் தெளிவாகத் தட்டுப்படுகின்றன. கண் மங்கலான தாத்தாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

குளிர்பானக் கேன் தகடும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம்தான். இன்னும் விறைப்பாக இருக்கும். ஆனால் அதன் உட்பக்கம் பானம் உலோகத்தில் படாமல் இருக்க ஒரு பூச்சு உண்டு. எனவே அதற்கு உப்புத்தாள் கட்டாயம். இரண்டிலுமே வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் உள்பக்கம் மடக்கிவிடுங்கள், அல்லது உப்புத்தாளால் மழுக்குங்கள். பிள்ளைகள் செய்வதானால் வெட்டுகிற வேலையை மட்டும் பெரியவர்கள் செய்து கொடுப்பது நல்லது.

எடை குறைவு என்பது இன்னொரு லாபம். மூன்று சென்டிமீட்டர் சதுர அலுமினியத் தகடு கால் கிராம்தான் வரும். இது ஏன் முக்கியம் என்பது தபால் நிலையத்தில் தெரியும். அதற்குப் பிறகு வருவோம்.

நிறம் ஏற்ற எத்தனையோ வழி

அட்டைக் கலைஞர்கள் உலகம் முழுக்க அதிகம் பயன்படுத்துவது ஆல்கஹால் இங்க். ஆல்கஹாலில் கரைத்த சாயம் அது. சொட்டு விட்டதும் பரவி, ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் என்பதால் நிறத்துக்கு அடியில் உலோகம் மின்னும். பாட்டில் மூடியில் ஒட்டிய சிறு ஃபெல்ட் துணியில் இரண்டு சொட்டு விட்டு, உலோகத்தில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பிடிக்கவில்லையா, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். இத்தனை மன்னிக்கும் குணமுள்ள சாயம் வேறு இல்லை.

அதை ஆன்லைனில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. பெர்மனென்ட் மார்க்கரில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே சமாச்சாரம்தான். பிளாஸ்டிக் மூடி ஒன்றில் மார்க்கரால் நன்றாகக் கிறுக்கி, அதன் மேல் இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டால் மை கரையும். அதைப் பஞ்சில் தொட்டு ஒற்றலாம். இரண்டு நிற மார்க்கரைக் கலந்தால் கடையில் இல்லாத நிறமும் வரும். பேத்தியின் மயில் நீலம் அப்படிப் பிறந்ததுதான். நீல மார்க்கர் இரண்டு பங்கு, பச்சை ஒரு பங்கு.

ஆனால் முதல் முயற்சி சொதப்பியது. போன வருஷம் மிச்சமிருந்த தங்க முலாம் நட்சத்திரத்தில் பரீட்சார்த்தமாக ஒற்றியபோது, மயில் நீலம் பாசிப் பச்சையாகிவிட்டது. "மை சரியில்லம்மா" என்று மகள் முகம் சுளிக்க, அம்மா அதே மையை அலுமினியத்தில் ஒற்றிக் காட்டினார். அச்சு அசல் கதவு நிறம். ஊடுருவும் சாயத்தில் அடி உலோகத்தின் நிறமும் கலந்துதான் கண்ணுக்கு வரும். மஞ்சள் உலோகத்தின் மேல் நீலம் வைத்தால் பச்சைதான் தெரியும். நீலம், ஊதா, இளஞ்சிவப்பு எல்லாம் அலுமினியம் போன்ற வெள்ளை உலோகத்தில்தான் சுத்தமாக வரும். இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், வெள்ளி நிற அலுமினியத்தின் மேல் ஊடுருவும் மஞ்சள் ஏற்றினால் தங்கம். சாக்லேட் சுற்றி வரும் தங்கத் தாளின் ரகசியம் இதுதான்.

கண்ணாடி ஓவியத்துக்கு விற்கும் கிளாஸ் பெயின்ட்டும் இதுபோல ஊடுருவித் தெரியும், ஆனால் கெட்டியானது. குத்தி எழுப்பிய தகட்டில் இதை விட்டால் பள்ளங்களில் தேங்கி அடர்த்தியாகவும் மேடுகளில் மெலிதாகவும் நிற்கும். எனாமல் நகை போன்ற அழகு. சமமான இடத்தில் வைத்து ஓர் இரவு அசைக்காமல் விட வேண்டும். சாய்ந்திருந்தால் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

நெயில் பாலிஷ்? தாராளமாக. உலோகத்தில் நன்றாகவே பிடிக்கும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடியுங்கள். ஒரேயடியாகக் கெட்டியாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும். ஒன்று மட்டும் கவனம். ஆல்கஹால் இங்க் ஏற்றிய துண்டின் மேல் பாதுகாப்புக்காக நிறமில்லாத நெயில் பாலிஷ் அடிக்கலாம் என்று தோன்றும். அடித்தால் அடியில் உள்ள சாயம் கரைந்து பிரஷ்ஷோடு வந்துவிடும். அதற்குத் தண்ணீர் வகை வார்னிஷ் லேசாக ஒரு பூச்சு போதும். முதலில் ஒரு வேண்டாத துண்டில் அடித்துப் பாருங்கள்.

அக்ரிலிக்கே பிடிக்கும் என்பவர்கள் முதலில் ஜெஸ்ஸோ அல்லது மெட்டல் பிரைமர் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டு, அதன் மேல் அடிக்கலாம். உலோகத்தின் மின்னல் முழுக்க மறைந்துவிடும். பிறகு எதற்கு உலோகம் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். அக்ரிலிக்குக்குச் சரியான வேலை வேறு ஒன்று இருக்கிறது. கறுப்பு அக்ரிலிக்கை எழும்பிய தகட்டின் மேல் முழுக்கத் தடவி, உடனே ஈரத் துணியால் துடைத்தால், பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கி, பழைய வெள்ளிச் சாமான் போல ஆகிவிடும்.

சாயமே இல்லாமல் நிறம்

செம்புத் தகட்டுக்கு ஒரு தனி வித்தை உண்டு. புளி போட்டுத் தேய்த்த தகட்டை இடுக்கியால் பிடித்து கேஸ் அடுப்பின் தீக்கு மேல் காட்டினால், சில நொடிகளில் ஆரஞ்சு, பிறகு குங்குமச் சிவப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் அலை அலையாக ஓடும். பிடித்த நிறம் வருவதற்கு ஒரு நொடி முன்பே எடுத்துவிட வேண்டும். தகட்டில் மிச்சமிருக்கும் சூட்டில் நிறம் இன்னும் கொஞ்சம் நகரும். அங்கே சாயம் எதுவும் இல்லை. சூட்டில் செம்பின் மேல் உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலம்தான் நிறம் காட்டுகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். சோப்புக் குமிழியில் வானவில் தெரிவது போலத்தான். ஒரு தகடு போல இன்னொன்று வராது.

இது பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டியது. சுத்தமான செம்புக்கு மட்டும். முலாம் பூசிய டாலர், துத்தநாகம் பூசிய தகடு, பெயின்ட் அடித்தது எதையும் தீயில் காட்டக் கூடாது. கிளம்பும் புகை உடம்புக்கு ஆகாது. அதேபோல ஸ்பிரிட், ஆல்கஹால் இங்க், கிளாஸ் பெயின்ட், நெயில் பாலிஷ் நான்குமே சட்டென்று தீப்பிடிப்பவை. சமையலறையில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து செய்யவே கூடாது. ஜன்னல் திறந்த அறை, முடிந்தால் பால்கனி. சாமி விளக்கு, ஊதுபத்தி எரிகிற நேரத்திலும் வேண்டாம்.

தீ பயமென்றால் முட்டை இருக்கிறது. உண்மையாகத்தான்! நன்றாக அவித்த முட்டையை இரண்டாக வெட்டி ஜிப் கவரில் போட்டு, அதே கவரில் செம்புத் துண்டையும் முட்டை மேல் படாமல் ஒரு சிறு மூடியில் வைத்து மூடிவிடுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு சில மணி நேரத்தில் செம்பைப் பழுப்பாக்கும். இரவு முழுக்க விட்டால் இன்னும் கறுக்கும். பிறகு மேடான இடங்களை மட்டும் துணியால் அழுத்தித் துடைத்தால் கறுப்புக்கு நடுவே செம்பு மின்னும். வெள்ளியும் இப்படிக் கறுக்கும். வார்னிஷ் பூசிய துண்டில் வேலை செய்யாது.

முதல் அட்டையும் கையால் நிறம் தீட்டியதுதான்

உலகின் முதல் வணிக கிறிஸ்துமஸ் அட்டை 1843-ல் லண்டனில் வந்தது. ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி, எல்லோருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் சொல்லி வரைய வைத்தார். கறுப்பில் அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் கையால் நிறம் தீட்டினார்கள். விலை ஒரு ஷில்லிங். படத்தில் ஒரு குழந்தைக்கு ஒயின் கொடுப்பது போல இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள் என்பது கொசுறுத் தகவல்.

நமக்கு வாழ்த்து அட்டை என்றால் பொங்கல்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மார்கழி பாதி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு ஓரமெல்லாம் அட்டைக் கடை முளைக்கும். சிவகாசியில் அச்சான சாமி படம், நடிகர் படம், கரும்பும் பானையும். அதில் ஜிகினா தூவிய அட்டை கொஞ்சம் விலை கூட. வாங்கிப் பையில் வைத்து வீடு வருவதற்குள் சட்டைப் பையெல்லாம் ஜிகினாவாகிவிடும். ஆக, அட்டையில் மின்னும் பொருள் வைத்து அது உதிர்ந்து போவது பேத்தியோடு ஆரம்பித்த பிரச்னை இல்லை!

ஒட்டாதே, தை

பேத்தியின் அம்மா வீட்டிலேயே ஆரி வேலை செய்து கொடுப்பவர். ஜர்தோசி, சமிக்கி, மணி என்று டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கிறார். மகள் மறுபடியும் பசை டியூபை எடுத்ததும் அவர் குறுக்கே வந்தார். "ஜர்தோசியை எல்லாம் பசையிலயா நிக்க வெச்சிருக்கேன்? தைச்சுத்தானே வெச்சிருக்கேன். பிளவுஸ் எத்தனை தடவை துவைச்சாலும் நிக்குதுல்ல?"

அதுதான் நடந்தது. நட்சத்திரத்தின் ஐந்து உள் மூலைகளிலும் ஊசியால் சிறு துளை போட்டு, அட்டையிலும் அதே அளவுக்குத் துளையிட்டு, வெள்ளி நூலால் தைத்துவிட்டார்கள். நூலே இன்னொரு அலங்காரமாகிவிட்டது. பின்பக்க முடிச்சு தெரியாமல் உள்ளே எழுதும் காகிதத்தைத் தனியாக ஒட்டி மறைத்தாயிற்று. வளையம் உள்ள டாலராக இருந்தால் இன்னும் சுலபம், வளையத்தில் இரண்டு சுற்று நூல் போதும். தைக்க முடியாத துண்டுகளுக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபோம் டேப் பரவாயில்லை. அட்டை வளையும்போது அதுவும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

அட்டையின் கனமும் முக்கியம். பள்ளிக்கூட சார்ட் பேப்பர் உலோகத்தின் எடையில் தொங்கிவிடும். 300 ஜி.எஸ்.எம். ஐவரி போர்டு கேட்டு வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கான அட்டைகள் அத்தனை நிறத்திலும் கிடைக்கும்.

ஓர் அட்டைக்கு எத்தனை உலோகத் துண்டு? ஒன்று. ஆசையில் மூன்று நான்கு வைக்கிறவர்கள் உண்டு. அட்டை நகைக்கடை ஷோகேஸ் போல ஆகிவிடும், எதைப் பார்ப்பது என்று தெரியாது.

தபால் பெட்டிக்குள் போகும் முன்

ஏ4 அளவு 300 ஜி.எஸ்.எம். அட்டையில் பாதியை வெட்டி மடித்தால் எடை ஒன்பதரை கிராம் அளவுக்கு வரும். கவர் சுமார் ஐந்து கிராம். சாதாரணத் தபாலில் கட்டணம் 20 கிராம் கணக்கில் ஏறும். ஆக, அலங்காரத்துக்கு மிஞ்சுவது ஐந்து கிராம்தான். அலுமினிய நட்சத்திரம் இதில் அடங்கிவிடும். வார்ப்பு டாலர் பெரியதாக இருந்தால் தாண்டிவிடும், தபால் நிலையத்திலேயே எடை போட்டு ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஸ்டாம்ப் குறைந்தால் மீதியை வாங்குகிறவர் தலையில் கட்டிவிடுவார்கள். வாழ்த்து அனுப்பிவிட்டுத் தாத்தாவைக் காசு கட்ட வைப்பது அழகில்லை.

கவரின் வலது மேல் மூலையில்தான் ஸ்டாம்ப் இருக்கும், அதன் மேல்தான் முத்திரை 'டொப்' என்று விழும். அந்த மூலைக்கு நேராக உலோகம் வராமல் பார்த்து, அட்டையை அதற்கேற்றபடி கவருக்குள் வையுங்கள். அதைவிட நல்ல வழி, இன்னொரு தடித்த அட்டையில் நட்சத்திரத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஜன்னல் வெட்டி, அதை அலங்காரத்தின் மேல் கவசமாக வைத்து அனுப்புவது. அழுத்தமெல்லாம் ஜன்னல் சட்டத்தில் விழும். உலோகம் பள்ளத்துக்குள் பத்திரமாக இருக்கும். எடை கூடும்தான், அடுத்த படிக் கட்டணம் கட்டிவிடலாம். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிப் பழகியவர்கள் கவனத்துக்கு: 2025-ல் அது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது.

வாங்குகிற வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உலோக அலங்காரமே வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். மலிவான வார்ப்பு டாலர்களில் சிலவற்றில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் இதில் விளையாட்டு கூடாது. சிலருக்கு நிக்கல் பட்டால் தோல் அரிக்கும். அட்டையில் இருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

மார்க்கர் சாயம், ஆல்கஹால் இங்க் இரண்டும் நேர் வெயிலில் வெளுக்கும். பேத்தி அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார்: 'தாத்தா, ஜன்னல் பக்கம் தொங்க விடாதீங்க. நூலின் நடுவில் விடுங்க.'

அனுப்புவதற்கு முன் ஒரு பரீட்சை வைத்தார்கள். அட்டையைக் கவரில் போட்டு, பேத்தியின் ஸ்கூல் பையில் எல்லாப் புத்தகங்களுக்கும் அடியில் இரண்டு நாள். ஷேர் ஆட்டோவில் இடி, வகுப்பில் பெஞ்சுக்கடியில் உதை எல்லாம் வாங்கி வந்த கவரைப் பிரித்து, வெள்ளைத் தாளின் மேல் தட்டினார்கள். ஒரு பொட்டு நீலம்கூட விழவில்லை. ஒரு மூலையில் நூல் தளர்ந்திருந்தது, அதை மட்டும் அம்மா இழுத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை தபாலில் சேர்த்தாயிற்று. தாத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்து பொங்கல் அட்டை வேலை ஆரம்பித்துவிட்டது. செம்புத் தகட்டில் பானை வெட்டி, கழுத்தில் மஞ்சள் கொத்து குத்தி எழுப்பி, நேற்று இரவே ஜிப் கவரில் போட்டு சமையலறை அலமாரியில் வைத்தார்கள். காலையில் எழுந்த அப்பா, உப்பும் மிளகுத்தூளுமாக அலமாரியைத் திறந்து, அவித்த முட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.